கண்ணை மூடி யோசித்த கம்ப்யூட்டர்

"அணைக்காமலே மாட்டும்மா," என்றார் ஓய்வுபெற்ற தாசில்தார் பசுபதிலிங்கம். "நாலு வருஷம் முன்னாடி நல்ல நேரம் பார்த்துப் போட்ட கம்ப்யூட்டர். ஒரு நிமிஷம்கூட அணைஞ்சதில்லை. அணைச்சா உன் முதலாளிக்குப் போன் போடுவேன். நாளைக்கு உனக்கு வேலை இருக்காது."

கம்ப்யூட்டர் கடையிலிருந்து வந்திருந்த பொற்கொடி, வேகத்தைக் கூட்டும் புது மெமரியை மடியில் வைத்துக்கொண்டாள். "கரண்ட் ஓடுறப்ப மாட்டினா கருகிடும் சார்."

"முப்பது வருஷ சர்வீஸ்ல நான் பகல்ல கண் அசந்ததில்லை. என் மெஷினும் அப்படித்தான்."

அவள் காத்திருந்தாள். திரையில் மீன்கள் நீந்தின. மதிய வெளிச்சம் தண்ணீரைப் போல அறையை நிறைத்தது. மீன்கள் சுவரிலும் நீந்துவதாகத் தோன்றியது. தாசில்தாரின் தலை மார்பில் சாய்ந்தது. மூக்குக்கண்ணாடி நழுவித் தரையில் விழுந்தது.

பொற்கொடி கம்ப்யூட்டரை அணைத்து, மெமரியை மாட்டி, மறுபடி போட்டாள். அது எழுப்பிய மணியோசையில் அவர் விழித்தார்.

"அணைச்சியா?" அவர் கை போனைத் தேடியது.

"நீங்க தூங்கிட்டீங்களா சார்?"

"நானா? கண்ணை மூடி யோசிச்சிட்டிருந்தேன்."

"அதுவும் அப்படித்தான் சார், கொஞ்ச நேரம் கண்ணை மூடி யோசிச்சுது. இப்ப எவ்வளவு வேகமா ஓடுது பாருங்க."

அவர் கண்ணைச் சுருக்கித் திரையைப் பார்த்தார். பொற்கொடி குனிந்து கண்ணாடியை எடுத்துப் போனுக்குப் பக்கத்தில் வைத்தாள். அவர் கண்ணாடியை மட்டும் எடுத்துக்கொண்டார்.