பாதாம் எண்ணெய்ச் சவரக்கட்டி

“‘சோப்பு எரியுதும்மா. வேற இருந்தா தாங்க.’ இப்படியேதான் சொன்னார், டீச்சர். அத்தனை பேர் முன்னாடி! என் மூஞ்சிக்கு நேரா!”

எல்ஃப்ரீடா பையைக் கவிழ்த்தாள். மிச்சமிருந்த நாலு சவர சோப்புக் கட்டிகள் மேசையில் விழுந்தன.

இசக்கியம்மாள் தராசில் எண்ணெய் நிறுத்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. தூத்துக்குடியில் ஒரு மாடி அறையில் சோப்பு செய்யக் கற்றுக்கொடுப்பவள் அவள். வயது முப்பது. மாணவி எல்ஃப்ரீடாவுக்கு ஐம்பத்திரண்டு. ஆகவே மாணவி அவளை டீச்சர் என்றாள்; டீச்சர் மாணவியை அக்கா என்றாள்.

“அப்படிச் சொன்னது யாரு, அக்கா?”

“தொம்மை ஐயா. முதியோர் இல்லத்துல இருக்காரே, உப்பளத்துல வேலை பார்த்தவர். சூசையப்பர் திருநாளைக்கு அங்க இருக்கிற ஏழு பேருக்கும் ஆளுக்கொரு கட்டி குடுத்தேன். ரிப்பன் கட்டிக் குடுத்தேன். ஞாயித்துக்கிழமை பார்க்கப் போனா, மத்த ஆறு பேரும் வாயைத் திறக்கலை. இவருக்கு மட்டும் எரியுதாம்.”

“மத்தவங்க போட்டாங்களா?”

“நான் என்ன, குளிக்கிற ரூம்ல எட்டியா பார்க்க முடியும்?”

இசக்கியம்மாள் தராசிலிருந்து கிண்ணத்தை இறக்கினாள்.

“நீங்க எழுதிக் குடுத்த அளவுலதான் தப்பு,” என்றாள் எல்ஃப்ரீடா. “அதைச் சொல்லத்தான் வந்தேன்.”

“என்னெல்லாம் போட்டிய?”

“எது போடலைன்னு கேளுங்க. தண்ணிக்குப் பதிலா ஆட்டுப்பால். பிளேடு வழுக்கிட்டுப் போக முல்தானி மட்டி. கற்றாழை. நுரைக்கு விளக்கெண்ணெய். ஆறு வாரம் காய வெச்சேன். ஒருநாள் குறைக்கலை.”

“தேங்காயெண்ணெய்?”

“பாதி எடுத்துட்டேன்.”

“எடுத்துட்டு?”

“அந்தப் பாதிக்குப் பாதாம் எண்ணெய் ஊத்தினேன். வயசான தோலு, டீச்சர். சத்து வேணாமா? தேங்காயெண்ணெய் அவங்க பொறந்ததுலேருந்து பார்க்கிறதுதானே.”

“காஸ்டிக் சோடா?”

“நீங்க எழுதினதுதான். ஒரு கிராம் கூட்டலை.”

“குறைச்சியளா?”

“எதுக்குக் குறைக்கணும்?”

இசக்கியம்மாள் ஒரு கட்டியை எடுத்துக் கத்தியால் குறுக்கே அறுத்தாள். அறுத்த முகத்தைத் தண்ணீரில் தொட்டு நீட்டினாள்.

“நுனி நாக்கால தொடுங்க.”

“என்னது?”

“தொடுங்கக்கா. சோப்புக்காரங்க இப்படித்தான் பார்ப்போம்.”

எல்ஃப்ரீடா தொட்டாள். உடனே தலையைப் பின்னால் இழுத்தாள். குழாய்க்கு ஓடினாள். வாயைக் கொப்பளித்தாள், மறுபடி கொப்பளித்தாள். திரும்பி வந்தபோது கண்ணில் நீர் நின்றது.

“ஷாக் அடிக்குது.”

“தேங்காயெண்ணெய் நிறைய காஸ்டிக்கை வாங்கிக்கிடும். பாதாம் கொஞ்சமாத்தான் வாங்கும். எண்ணெயை மாத்தினா கணக்கையும் மாத்தணும். மிச்சக் காஸ்டிக் அப்படியே கட்டிக்குள்ள இருக்கு.”

“ஆறு வாரம் காய வெச்சேனே.”

“ஆறு மாசம் வெச்சாலும் இருக்கும்.”

எல்ஃப்ரீடா நாற்காலியில் உட்கார்ந்தாள். நாலு கட்டிகளையும் மறுபடி பைக்குள் போடப் பார்த்தாள். இசக்கியம்மாள் அவற்றைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

“இதைச் சரி பண்ண முடியுமா?”

“முடியும். சீவி, உருக்கி, விட்டுப்போன எண்ணெயைச் சேர்த்துக் காய்ச்சலாம். நான் செஞ்சு தாரேன்.”

“அப்ப சரி. புதுக் கட்டியை டிரைவர்கிட்டக் குடுத்துக் கார்ல அனுப்பிடறேன். கூடவே ஒரு களிம்பும் வெச்சு அனுப்பறேன்.”

இசக்கியம்மாள் கட்டியைச் சீவத் தொடங்கினாள். சீவல்கள் தட்டில் விழுந்தன.

“எரியுதுன்னு அவரு சொன்னப்போ நீங்க என்ன சொன்னிய?”

“என்ன சொல்லுவேன். நல்லாக் கழுவுங்கன்னு சொன்னேன்.”

சீவுகிற சத்தம் நிற்கவில்லை.

“அப்புறம் லேசா ஒரு கிண்டல். அவ்வளவுதான்.”

“சரிக்கா.”

“எல்லாரும் சிரிச்சாங்க. அவரும் சிரிச்சார்.”

“சரி.”

“என்ன சரி சரிங்கிறீங்க? ‘நாப்பது வருஷம் உப்புல வெந்த தோலு, இப்பத்தான் நல்ல சோப்பையே பார்க்குது, அதான் மிரளுது’ன்னு சொன்னேன். போதுமா?”

கத்தி நின்றது.

எல்ஃப்ரீடா சேலை முந்தானையால் உதட்டைத் துடைத்தாள். உதட்டில் ஒன்றும் இல்லை.

“அதுக்கப்புறம் அவரு என்ன சொன்னாரு?”

“ஒண்ணும் சொல்லலை. நான்தான் சொன்னேன். நிறுத்தக் கூடாது, தினமும் போடுங்க, நாலு நாள்ல பழகிடும்னு.”

“என்னிக்கு?”

“ஞாயித்துக்கிழமை.”

“இன்னிக்குப் புதன்.”

மாடிக்குக் கீழே ஒரு பஸ் ஹாரன் அடித்துப் போனது. எல்ஃப்ரீடா எழுந்தாள். உட்கார்ந்தாள். மறுபடி எழுந்தாள்.

“நான் கான்வென்ட்ல படிச்சவ, டீச்சர். யாருகிட்டயும் போய் மன்னிப்புன்னு நின்னு பழக்கமில்லை. அவருகிட்ட நான் என்ன சொல்லணும்? சொல்லிக் குடுங்க, அப்படியே சொல்லிடறேன்.”

இசக்கியம்மாள் தட்டைத் தள்ளி வைத்தாள்.

“நீங்க புதுசா எதுவும் சொல்ல வேண்டாம்க்கா. சொல்ல வேண்டியதை அவரு ஞாயித்துக்கிழமையே சொல்லிட்டாரு. அதையே சொன்னாப் போதும்.”

எல்ஃப்ரீடா பையை எடுத்துக்கொண்டு படி இறங்கினாள். கார் டிரைவருக்குப் போன் செய்யவில்லை. ஆட்டோவில் போனாள்.

முதியோர் இல்லத்தில் மதியச் சாப்பாடு முடிந்திருந்தது. பொறுப்பிலிருந்த சிஸ்டர் வாசலிலேயே நின்றாள். வழக்கமான “வாங்கம்மா” வரவில்லை.

“தொம்மை ஐயா அந்தச் சோப்பை...”

“இன்னிக்குக் காலையிலயும் போட்டார். கன்னம் உரிஞ்சு தண்ணி வடியுது. வேண்டாம்னு நான் பிடுங்கப் போனேன். ‘அந்தம்மா பழகிடும்னு சொல்லிட்டுப் போயிருக்காங்க, வந்து கேட்டா நான் என்ன பதில் சொல்ல’ங்கிறார். டாக்டர் வந்து பார்த்துட்டு இப்பத்தான் போறார்.”

“மத்தவங்க?”

“அவங்க முதல் நாளே நிறுத்திட்டாங்க. ஞாயித்துக்கிழமை உங்ககிட்டச் சொல்லலாம்னுதான் இருந்தாங்க. தொம்மை ஐயா முதல்ல சொன்னார். அதுக்கப்புறம் யாரு சொல்லுவா?”

எல்ஃப்ரீடா செருப்பைக் கழற்றினாள். ஹாலில் ஏழு கட்டில்கள். தொம்மை ஜன்னலோரக் கட்டிலில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். முகத்தின் மேல் வெள்ளைத் துண்டு ஒன்று. மற்ற ஆறு பேரும் விழித்துக்கொண்டுதான் இருந்தார்கள். அவளைப் பார்த்ததும் ஒருவர் செய்தித்தாளை மடித்தார். ஒருவர் ரேடியோவை அணைத்தார்.

அவள் கட்டிலருகே போய்க் குனிந்தாள். காதோரம் மெதுவாகச் சொல்லிவிட்டுப் போய்விடலாம். வாயைத் திறந்தாள். பிறகு நிமிர்ந்து, ஹாலின் நடுவில் வந்து நின்றாள். கிண்டலை அங்கே நின்றுதான் சொல்லியிருந்தாள்.

“எல்லாரும் கேளுங்க. சோப்பு எரிக்கத்தான் செய்யுது. ஐயா சொன்னது நிஜம். கணக்கு தெரியாமச் செஞ்சவ நான். அவர் தோல்ல ஒரு குறையும் இல்லை.”

குரல் அவள் நினைத்ததைவிடச் சின்னதாக வந்தது. யாரும் சிரிக்கவில்லை. பரவாயில்லை என்றும் யாரும் சொல்லவில்லை.

அவள் கட்டிலருகே திரும்பிப் போனாள். தரையில் உட்கார்ந்தாள். துண்டின் ஓரம் அவர் மூச்சுக்கு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. தூங்கவில்லை என்று தெரிந்தது.

“ஐயா, இந்தப் பக்கம் திரும்புங்க. நான் செஞ்சதை நான் பார்க்கணும்.”

துண்டுக்கு அடியில் மூச்சு ஒரு கணம் நின்று, மறுபடி ஓடியது.

“ஒரே ஒரு தடவை, ஐயா.”