வலது கையில் ஜாங்கிரி

இது நான் நேரில் பார்த்தது இல்லை. பொன்னுரங்கம் சொல்லிக் கேட்டது. காவல்துறையில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். இப்போது ஒரு பயிற்சி முகாமுக்குப் போய் விமானப் பயணியாக நடித்துவிட்டு வருகிறார். கதையில் ஓரிடத்தில் அவரும் வருகிறார். அந்த இடத்தை அவர் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வார் என்பதால், நான் குறைத்தே எழுதுகிறேன்.

அந்த முகாமில் இறக்கை கழற்றப்பட்ட பழைய விமானம் ஒன்று நிற்கிறது. அது எங்கும் பறப்பதில்லை. ஆனால் அதற்குள் அடிக்கடி கடத்தல் நடக்கும். ஸ்கை மார்ஷல்களைத் தயார் செய்யும் இடம் அது. பயணிகளோடு பயணியாக, சட்டைக்குள் துப்பாக்கியோடு உட்கார்ந்து போவதுதான் அவர்கள் வேலை. யாராவது விமானத்தைக் கடத்த எழுந்தால் எழ வேண்டும். அதுவரை பக்கத்து இருக்கைக்காரருக்குக்கூட அவர் யாரென்று தெரியக் கூடாது.

சேர்மக்கனி அங்கே பயிற்சிக்கு வந்தவர். குறி பார்த்துச் சுடுவதில் அவரை மிஞ்ச முகாமில் ஆள் இல்லை. ஆசிரியர் பிலோமினா அவரைவிட வயதில் சின்னவர். ஆனாலும் ஆசிரியர் என்பதால் சேர்மக்கனி அவரை மேடம் என்பார். அவரும் சேர்மக்கனியை நீங்க, வாங்க என்றுதான் பேசுவார்.

துப்பாக்கிப் பயிற்சியில் முதல் நாளே ஒரு விதி சொல்லித்தருவார்கள். சுடுகிற கை எப்போதும் காலியாக இருக்க வேண்டும். சேர்மக்கனி விதி என்றால் விதி என்று இருப்பவர். அன்றிலிருந்து வலது கையை எதற்கும் தருவதில்லை. தண்ணீர் டம்ளர் இடது கையில். கதவு திறப்பது இடது கையில். விடுப்பில் ஊருக்குப் போய், மச்சான் கல்யாணத்தில் இடது கையால் அட்சதை போட்டுவிட்டு மனைவியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார்.

முதல் தேர்வில் அவருக்கு நடு வரிசை. பழனிக்குப் போய்வந்த அம்மாளாக நடித்தவர் ஒவ்வொருவருக்கும் திருநீறு கொடுத்துக்கொண்டே வந்தார். சேர்மக்கனி பணிவாக இடது கையை நீட்டினார்.

"என்ன தம்பி, பீச்சாங்கையை நீட்டுறே?"

விமானமே திரும்பிப் பார்த்தது. கடத்தல்காரனாக நடிக்கும் கொண்டல் என்பவர் சிரித்துக்கொண்டே வந்து, ரப்பர் கத்தியை சேர்மக்கனியின் கழுத்தில் வைத்தார். மார்ஷலை முதலில் கண்டுபிடித்து முடித்துவிட்டுத்தான் கடத்தலைத் தொடங்க வேண்டும் என்று அவருக்கு உத்தரவு. துப்பாக்கி ஒவ்வொரு தேர்விலும் வேறு ஆளிடம் இருக்கலாம், பயணியாக நடிக்க வந்தவரிடம்கூட; யாரிடம் என்று அவருக்குச் சொல்வதில்லை.

இரண்டாவது தேர்வில் சேர்மக்கனி எதையுமே வாங்குவதில்லை என்று முடிவு செய்துகொண்டார். காபி வேண்டாம் என்றார். தண்ணீர் வேண்டாம். செய்தித்தாள் வேண்டாம். வலது கையைத் தொடையில் வைத்தபடி சாமி சிலை மாதிரி உட்கார்ந்திருந்தார். பணிப்பெண்ணாக நடித்தவர் உடம்புக்கு முடியவில்லையா என்று இரண்டு தரம் விசாரித்தார். மூன்றாவதாக விசாரிக்க வந்தவர் கொண்டல். கையில் கத்தி இருந்தது.

இன்னும் ஒரு தேர்வுதான் பாக்கி. அதிலும் தோற்றால் பழைய படைப்பிரிவுக்கே திரும்ப வேண்டும். அங்கே ஆயுதக் கிடங்கு வாசலில் காவல். வானத்தில் பறக்க வேண்டும் என்று வந்தவருக்கு மறுபடி அந்த இரும்புக் கதவு.

அன்று மாலை பிலோமினாவிடம் போய் நின்றார்.

"மேடம், வலது கையால வாங்கினா சுடுற கை அடைஞ்சிடும். இடது கையால வாங்கினா ஆள் மாட்டிக்கிறேன். வாங்காம இருந்தாலும் மாட்டிக்கிறேன். நான் எந்தக் கையால வாங்கணும்?"

"நாளைக்கு நான் ஒரு கல்யாணத்துக்குப் போறேன்" என்றார் பிலோமினா. "நீங்களும் அதே விமானத்துலதானே வர்றீங்க?"

சேர்மக்கனிக்கு ஒன்றும் புரியவில்லை. சரி மேடம் என்று சொல்லிவிட்டு வந்தார்.

மறுநாள் அந்தப் பறக்காத விமானத்தில் பிலோமினா ஏறினார். பச்சைப் பட்டுப்புடவை, தலையில் மல்லிகைப்பூ, மடியில் இனிப்புப் பெட்டி. சேர்மக்கனியின் பக்கத்து இருக்கையில் வந்து உட்கார்ந்தார். ஆசிரியரே பயணியாக நடிப்பது அங்கே வழக்கமில்லை. சேர்மக்கனிக்கு அப்போதே வியர்த்துவிட்டது.

பிலோமினா வாய் ஓயாமல் பேசினார். பெண் அவருடைய சித்தி மகளாம். மாப்பிள்ளை வீட்டார் சாம்பாரில் குறை கண்டுபிடிக்கிறவர்களாம். பேச்சோடு பேச்சாகப் பெட்டியைத் திறந்து சுற்றியிருந்தவர்களுக்கெல்லாம் ஆளுக்கொரு ஜாங்கிரி கொடுத்தார். கடைசியாக ஒன்றை எடுத்து சேர்மக்கனியின் முன்னால் நீட்டினார்.

"எடுத்துக்குங்க அண்ணே. கல்யாண இனிப்பு."

கொண்டல் நடைபாதையில் கைகளைப் பார்த்துக்கொண்டே வந்துகொண்டிருந்தார். சேர்மக்கனியின் இடது கை தானாக எழுந்தது. அதைப் பாதி வழியில் நிறுத்தி, தலையைச் சொறிந்துகொண்டார். பிறகு வலது கையை நீட்டி வாங்கினார். பாகு விரலிடுக்கில் இறங்கியது. பயிற்சிக்கு வந்த நாளிலிருந்து அந்தக் கை தொட்ட முதல் தின்பண்டம் அது. ஒரு வாய் கடித்தார். நன்றாகத்தான் இருந்தது. இன்னொரு வாயும் கடித்தார்.

கொண்டலின் பார்வை அவரைத் தாண்டிப் போனது.

எதிர்ப்பக்க இருக்கையில் பொன்னுரங்கம் இருந்தார். ஜாங்கிரி வேண்டாம் என்று சொன்னவர் அந்த விமானத்திலேயே அவர் ஒருவர்தான். அதோடு, வலது கையைச் சட்டைப்பைக்குள் விட்டு எதையோ துழாவிக்கொண்டும் இருந்தார். கொண்டல் ஒரே பாய்ச்சலில் அவர் சட்டையைப் பிடித்தார்.

"இவன்தான் மார்ஷல்!"

"எனக்குச் சுகர்ப்பா" என்றார் பொன்னுரங்கம். "மாத்திரை தேடுறேன்."

கொண்டல் நம்பவில்லை. கத்தியை அவர் கழுத்தில் வைத்து, விமானத்தை எந்த நாட்டுக்குத் திருப்ப வேண்டும் என்று சொல்லத் தொடங்கினார். அவர் முதுகு சேர்மக்கனியின் பக்கம் இருந்தது.

சேர்மக்கனி எழுந்தார். பயிற்சித் துப்பாக்கி சரியாகக் கொண்டலின் முதுகை நோக்கி நின்றது. அந்தத் துப்பாக்கியில் சத்தம் வராது. சுடுகிறவர்தான் வாயால் டப் டப் என்று சொல்ல வேண்டும். சேர்மக்கனியின் வாய் நிறைய ஜாங்கிரி. அவர் என்ன சொன்னார் என்று யாருக்கும் விளங்கவில்லை. கொண்டல் பாட்டுக்குக் கடத்திக்கொண்டிருந்தார்.

பிலோமினாதான் குரல் கொடுத்தார்.

"கொண்டல், நீங்க செத்துட்டீங்க. உட்காருங்க."

கொண்டல் திரும்பிப் பார்த்தார். பொன்னுரங்கத்தின் சட்டையை நீவிச் சரி செய்துவிட்டு, காலியாக இருந்த இருக்கையில் போய் உட்கார்ந்தார்.

சேர்மக்கனி தேறிவிட்டார் என்று பிலோமினா அறிவித்ததும் எல்லோரும் கை தட்டினார்கள். பொன்னுரங்கம் தட்டவில்லை. அவர் இன்னும் மாத்திரையைத் தேடிக்கொண்டிருந்தார்.

எல்லோரும் இறங்கிய பிறகும் சேர்மக்கனி நடைபாதையில் நின்றுகொண்டிருந்தார். வாயில் இருந்ததை விழுங்கிவிட்டார். முகத்தில் மட்டும் தெளிவில்லை.

"தேறிட்டேன், சந்தோஷம் மேடம். ஆனா நான் கேட்டதுக்கு நீங்க இன்னும் பதில் சொல்லலையே. வலது கையில ஜாங்கிரி இருந்துச்சு. விதிப்படி அது தப்புத்தானே?"

பிலோமினா தன் மடியைக் காட்டினார். பச்சைப் பட்டில், பாதி கடித்த ஜாங்கிரி கவிழ்ந்து கிடந்தது. பாகு கரை வரை இறங்கியிருந்தது.

சேர்மக்கனி பதறிப்போனார். மன்னிப்புக் கேட்டார். சலவைக்குத் தானே கொடுத்து வாங்கித் தருவதாகச் சொன்னார். பிலோமினா அதையெல்லாம் காதில் வாங்கிக்கொள்ளவில்லை.

"இதை எப்பக் கீழே போட்டீங்க?"

சேர்மக்கனி யோசித்தார். ஜாங்கிரியை வாங்கியது நினைவிருந்தது. கடித்தது நினைவிருந்தது. துப்பாக்கியை நீட்டியது நினைவிருந்தது. வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கீழே போட்டது மட்டும் நினைவில் இல்லை.

பொன்னுரங்கம் சொன்னது இவ்வளவுதான். சில மாதம் கழித்து அவர் வீட்டுக் கல்யாணத்துக்கு நான் போனபோது பிலோமினாவும் வந்திருந்தார். பச்சைப் பட்டுதான் கட்டியிருந்தார். மற்றவற்றுக்கு நான் பொறுப்பில்லை. கறை இருந்தது.