கொசு உள்ளானின் கால்

"பின்னால நடங்க. திரும்பிப் பார்க்கக் கூடாது" என்றாள் வேம்பு.

திருவேங்கடம் வேட்டியை முழங்காலுக்கு மேல் ஏற்றிக் கட்டிக்கொண்டு, கடலைப் பார்த்தபடி தண்ணீர் விளிம்புச் சேற்றில் நின்றார். கையில் அவள் வெட்டிக் கொடுத்த பூவரசங்கம்பு. அதன் அடிப்பக்கத்தில் கத்தியால் கீறிய மூன்று கோடுகள்.

"முதல் கோடு யாரு?"

"கொசு உள்ளான்." கடலோரச் சேற்றில் மேயும் குருவி அளவுப் பறவை. கோடு தரையிலிருந்து இரண்டு விரல் அகலம்.

"ரெண்டாவது?"

"பவளக்காலி." நான்கு விரல்.

"மேல?"

"கோட்டான்." ஆந்தையல்ல, வளைந்த நீள அலகுள்ள கரைப்பறவை. ஒரு சாணுக்குச் சற்றுக் குறைவு.

"அதது காலு அவ்வளவுதான். அதுக்கு மேல தண்ணி ஏறுனா நிக்க முடியாது. நிக்க முடியலன்னா திங்க முடியாது. நீந்திகிட்டே திங்க அது வாத்து இல்ல. இப்ப நீங்க கொசு உள்ளான்."

"இந்தத் தொப்பையோடவா?"

"தொப்பை இருந்தா நல்லதுதான். வடக்க திரும்பிப் போவ உதவும். கம்பை ஊணுங்க. தண்ணி முதல் கோட்டைத் தாண்டக் கூடாது. தாண்டுச்சுன்னா ஒரு அடி பின்னால வைங்க. அவ்வளவுதான் வேலை."

சொல்லிவிட்டு அவள் அவருக்குப் பின்னால் இருந்த கடல் தடுப்புக்கரைக்குப் போய் உச்சியில் உட்கார்ந்து கொண்டாள். வற்றியிருந்த கடல் ஓதம் மறுபடி ஏறத் தொடங்கியிருந்தது.

காலையில் கேள்வியைக் கேட்டவர் அவர்தான். இந்தக் கரையை இன்னும் மூன்றடி உயர்த்தினால் பறவைக்கு என்ன கெட்டுப்போகும்? பறவை கரைமேலா மேய்கிறது?  வேம்பு அரிவாளை எடுத்துக்கொண்டு பூவரச மரத்தடிக்குப் போனாள்.

அவருக்கு அறுபத்து மூன்று வயது. அவளுக்கு நாற்பது இருக்கும். அவர் பொதுப்பணித் துறையில் இஞ்சினியராக இருந்து ஓய்வு பெற்றவர். அவளுடைய அப்பா பறவை பிடித்துச் சந்தையில் விற்றவர். அவளும் பறவைதான் பிடிக்கிறாள். காலில் வளையம் மாட்டிப் பறக்கவிடும் ஆராய்ச்சிக்காரர்களுக்காகப் பிடிக்கிறாள். இரண்டு குளிர்காலமாகத் திருவேங்கடம் அவளிடம் பாடம் கேட்கிறார். 'வாத்தியாரே' என்று கூப்பிட்டு, 'நீங்க' போட்டுப் பேசுவார். ஊரில் சிரித்தார்கள். பிறகு அலுத்துப்போய் விட்டுவிட்டார்கள்.

தண்ணீர் முதல் கோட்டைத் தொட்டது. அவர் ஓரடி பின்னால் வைத்துக் கம்பை மறுபடி ஊன்றினார்.

இஞ்சினியர் என்பதால் எண்ணாமல் இருக்க முடியவில்லை. பத்து அடி. இருபது அடி. முப்பத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் இந்தக் கரையைப் போட்டபோது இதே இடத்தில் அவர் அளவுச் சங்கிலி பிடித்திருக்கிறார். அப்போதெல்லாம் ஓதம் நன்றாக வற்றினால் கரைக்கு முன்னால் இருநூற்றுப் பத்து மீட்டர் சேறு கிடக்கும். பையன்கள் அதில் கபடி ஆடுவார்கள்.

அறுபது அடி. எண்பது. தொண்ணூறு.

குதிகாலில் கல் இடித்தது.

அவர் நின்றார். திரும்பிப் பார்க்க வேண்டிய அவசியம் இல்லை. அவர் அடுக்கிய கல்தான் அது. தண்ணீர் முதல் கோட்டைத் தாண்டியது. பார்த்துக்கொண்டே இருந்தார். சற்று நேரத்தில் இரண்டாவது கோடும் முழுகியது.

"வாத்தியாரே, இடம் முடிஞ்சு போச்சு."

"சரி, பறந்துருங்க."

"எங்க?"

"என்னைக் கேட்டா?"

அவர் கம்பைப் பிடித்தபடி அண்ணாந்து பார்த்தார். கரையின் உச்சியில், அவளிடமிருந்து கொஞ்சம் தள்ளி, கொசு உள்ளான்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. முந்நூறு இருக்கும். ஒற்றைக் காலில் நின்று, அலகை முதுகுச் சிறகில் செருகியிருந்தன. அவருடைய பறவைக் குறிப்பு நோட்டில் இந்த இடத்துக்கு இரண்டு வருஷமாக ஒரே வார்த்தைதான் எழுதியிருந்தார்: ஓய்வு.

"நிம்மதியாத் தூங்குதுன்னுதானே நெனச்சேன்" என்றார்.

"அடுப்பு எரியலன்னா உங்க வீட்லயும் அப்படித்தான் உக்காந்திருப்பாங்க."

"முன்னாடி எவ்வளவு நேரம் மேயும்?"

"எங்கப்பா காலத்துல ஓதம் வத்துனதுலேருந்து ஏறுற வரைக்கும் சேறுதான். கண்ணி வச்சுட்டு வீட்டுக்குப் போய்ச் சாப்புட்டுட்டு வருவாரு. இப்ப நான் கண்ணியைப் பிரிக்கிறதுக்குள்ள தண்ணி வந்துருது. கடல் ஏறிகிட்டே வருது. இந்தப் பக்கம் உங்க கல்லு நவுராது. நடுவுல இருந்த சேறு எங்க போவும்?" அவள் வலது கையைக் குவித்து, ஒரு பறவையைப் பிடிப்பதுபோல் காட்டினாள். "போன வருசம் பிடிச்சதுல பாதிக்கு மேல, நெஞ்செலும்பு கையைக் கிழிக்குது. கத்தி மாதிரி. பங்குனில அதுங்க பனி நாட்டுக்குத் திரும்பணும். அந்த நெஞ்சோட எத்தனை தூரம் போவும்?"

 கரைமேல் பைக் சத்தம் கேட்டது. பறவைகள் எழும்பி, கடல் பக்கம் ஒரு வட்டம் போட்டு, இறங்க இடமில்லாமல் மறுபடி கரைக்கே வந்தன.

ஊராட்சித் தலைவர் சொர்ணப்பன் பைக்கை நிறுத்திவிட்டு, தண்ணீரில் கம்போடு நிற்பவரை எட்டிப் பார்த்தார்.

"சாருக்கு என்னக்கா ஆச்சு?"

"கொசு உள்ளானா இருக்காரு" என்றாள் வேம்பு.

"ஓ" என்றார் சொர்ணப்பன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "எப்ப முடியும்? ஒரு கையெழுத்து வேணும்" என்றார்.

அவர் கையில் பிளாஸ்டிக் உறை. உள்ளே கரையை மூன்றடி உயர்த்தும் திட்டம். இன்று சாயங்காலத்துக்குள் வட்டார அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். கரையைப் போட்டவரே பார்த்துச் சரி என்று எழுதிக் கொடுத்தால் மேலே யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். கேட்காவிட்டால் சித்திரைக்குள் வேலை தொடங்கிவிடும்.

திருவேங்கடம் கரையேறி வந்து கல்வெட்டின் பக்கத்தில் உட்கார்ந்தார். கருங்கல்லில் அவர் பெயரும் வருஷமும். உப்புக் காற்றில் பெயரின் கடைசி இரண்டு எழுத்துகள் தேய்ந்திருந்தன.

"இதுக்குப் பக்கத்துல புதுக் கல்லு வைக்கிறோம் சார். பளிங்குல. உங்க பேரைப் பெருசாப் போட்டுருவோம்" என்றார் சொர்ணப்பன்.

போன வாரம் இதைக் கேட்டபோது அவருக்குச் சந்தோஷமாக இருந்தது. அன்று ராத்திரி மனைவியிடம் இரண்டு தடவை சொன்னார்.

"வாத்தியாரே, ஒண்ணு கேக்கறேன். இந்தக் கரை இல்லன்னா கடல் ஊருக்குள்ள வராதா?"

"ஊரு எங்க இருக்கு?"

"தெரியாத மாதிரி கேக்கறீங்களே."

"நீங்க சொல்லுங்க."

அவர் நிலத்தின் பக்கம் திரும்பினார். அரைக் கிலோமீட்டர் தள்ளி மணல் மேடு. மேட்டின்மேல் பனைகள், ஓட்டு வீடுகள், மாதா கோயில் கோபுரம். மேட்டுக்கும் கரைக்கும் நடுவில் உப்பளம். உப்பளமாக இருந்த இடம். கோடையில் காலம் தப்பிப் பெய்த மழை மூன்று வருஷம் தொடர்ந்து உப்பைக் கரைத்துக்கொண்டு போனது. பிறகு குத்தகைக்கு எடுக்க ஆள் வரவில்லை. ஒன்பது வருஷமாகப் பாத்தி வரப்புகளில் சீமைக்கருவேல் மண்டிக் கிடக்கிறது.

"மேட்டு மேல" என்றார்.

"அப்ப இந்தக் கரை எதுக்குக் காவல் இருக்கு?"

அவர் கல்வெட்டைப் பார்த்தார். பிறகு உறையை வாங்கி, திட்டப் படத்தை முழங்கால்மேல் விரித்தார். சட்டைப்பையிலிருந்து பென்சில் எடுத்தார்.

"சொர்ணப்பன், போன புயல்ல தண்ணி எது வரைக்கும் வந்துச்சு?"

"நல்லதண்ணிக் கெணறு வரைக்கும் சார். இன்னும் உப்புக் கரிக்குது. பொம்பளைங்க என்னை ரோட்டுல நடக்க விடமாட்டேங்குறாங்க."

"கரை மேல ஏறியா வந்துச்சு?"

"இல்ல, தெற்கு முனையில சுத்திகிட்டு."

"மூணடி உயர்த்தினாலும் சுத்திகிட்டு வரும். இந்தக் கரை ரெண்டு கிலோமீட்டர். நேரா நிக்குது, ரெண்டு முனையும் தொறந்து கெடக்கு." பென்சில் மணல் மேட்டின் அடியை ஒட்டி வளைந்து போனது. கிணற்றையும் கோயிலையும் உள்ளே இழுத்துக்கொண்டு மேட்டில் போய் முட்டியது. "இப்படிப் போட்டா எழுநூறு மீட்டர் போதும். அதே மண்ணு, அதே கல்லு. உயரம் இதைப் போல ரெண்டு மடங்கு வரும். முனையே கிடையாது, சுத்திகிட்டு வர."

சொர்ணப்பன் படத்தைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தார். மறுபடி நேராக வைத்தும் பார்த்தார்.

"கெணறு உள்ள வந்துருது."

"வந்துரும்."

"இதை மொதல்லயே சொல்லியிருக்கலாமே சார்."

"மொதல்ல எனக்குத் தெரியல."

"அப்ப இந்தக் கரை? இந்தக் கல்லு?"

"இது கெடக்கட்டும். கடல் பாத்துக்கும்."

அவர் பழைய கணக்குகளை அடித்து, புதிய கோட்டின் கீழே அளவுகளை எழுதி, பேனா எடுத்து ஓரத்தில் கையெழுத்துப் போட்டார்.  

"நாளைக்குக் கூட்டத்துல எவனாவது கேப்பான் சார். உப்பளத்துக்குள்ள கடலை விட்டா நேரா ஊருக்கு வந்துரும்பான். நான் என்ன சொல்லட்டும்?"

திருவேங்கடம் எழுந்தார். "கரையில இருக்குற மதகைத் தொறந்து காட்டுவோம். இன்னைக்கு ஓதத்துக்கு. உப்பளத்துக்குக் கடல்தண்ணி தேக்குன பழைய தெப்பம் இருக்குல்ல, தண்ணி அந்தத் தெப்பத்து வரப்போட நின்னுரும். நிக்கலன்னா நான் கையெழுத்தை அழிச்சிடறேன்."

"கிழிச்சிடறேன்னு சொல்லுங்க சார், பேனாவுல போட்டுட்டீங்க."

மதகுப் பலகை உப்பு பிடித்து இறுகியிருந்தது. மூன்று பேரும் கடப்பாரையால் நெம்பினார்கள். சொர்ணப்பன் சட்டையைக் கழற்றிப் பைக்கின்மேல் போட்டுவிட்டு வந்து தோள் கொடுத்தார். பலகை ஒரு சாண் எழும்பியது. கடல் உள்ளே வந்தது.

தண்ணீர் அவசரப்படவில்லை. வாய்க்காலில் நுரையைத் தள்ளிக்கொண்டு போய், முதல் பாத்தியில் பரவி, வெடித்துக் கிடந்த வெள்ளைத் தரையைக் கறுப்பாக்கியது. ஒரு பாத்தி நிறைந்து அடுத்த பாத்திக்கு வழிந்தது. தெப்பத்து வரப்பில் வந்து நின்றது. சொர்ணப்பன் வரப்போடு நடந்துபோய்ப் பார்த்து, தன் செருப்பால் ஒரு கோடு கிழித்து, கால் மணி நேரம் காத்திருந்தார். தண்ணீர் கோட்டுக்கு வரவில்லை. தூரத்திலிருந்தே கையை ஆட்டிவிட்டு, சட்டையை மாட்டிக்கொண்டு, உறையோடு வண்டியைக் கிளப்பினார்.

வேம்புவும் திருவேங்கடமும் சரிந்து கிடந்த ஒரு பாத்தியின் மறுகோடியில் நின்றார்கள். அங்கே தண்ணீர் மெல்லிசாக வந்துகொண்டிருந்தது.

கரைமேல் ஒரு கொசு உள்ளான் அலகைச் சிறகிலிருந்து எடுத்தது. இரண்டாவது காலையும் கீழே வைத்தது. பிறகு கூட்டமாகவே எழுந்தன. ஒரே திருப்பத்தில் வயிறுகள் வெள்ளையாகத் தெரிந்து மறைய, பாத்திக்குள் இறங்கின. தண்ணீரின் விளிம்போடு ஓடி ஓடிக் கொத்தின.

"இன்னைக்கே அங்க திங்க என்ன இருக்கும்?" என்று அவர் தணிந்த குரலில் கேட்டார்.

"பெருசா ஒண்ணும் இருக்காது. ரெண்டு மூணு ஓதம் போனா பூச்சி வரும். புழு வர வருசம் ஆவும்."

"பின்ன எதுக்கு எறங்குது?"

"நிக்க எடம் இருக்குல்ல."

அவர் கம்பைத் தண்ணீரில் ஊன்றிப் பார்த்தார். முதல் கோட்டுக்குக் கீழே இருந்தது.

"வாத்தியாரே, கடல் இதோட நிக்காதே. என் பேரன் காலத்துல அந்தப் புதுக் கரைக்கும் வந்துருமே."

"வரும்."

"அப்ப?"

"அப்ப இன்னும் கொஞ்சம் பின்னால போவீங்க."

"எப்பவும் நாமதான் பின்னால போகணுமா?"

வேம்பு அவர் கையிலிருந்து கம்பை வாங்கினாள். ஈரத்தைச் சேலையில் துடைத்துவிட்டு அவர் காலோரம் நிறுத்தினாள். மூன்று கோடுகளும் அவர் முழங்காலுக்கு வெகு கீழே இருந்தன.

"நமக்குத்தானே அய்யா காலு நீளம்."

தண்ணீர் அவர் கட்டைவிரலைத் தொட்டது. அதன் விளிம்போடு ஓடிவந்த கொசு உள்ளான் ஒன்று அவர் காலுக்கு முன்னால் தயங்கி நின்றது. திருவேங்கடம் ஓரடி பின்னால் வைத்தார்.