அமலோற்பவத்தின் வட்டம்

"கம்பை எப்பத்தான் தருவீங்க ஆசானே?"

கூடையைக் கடற்கரை மணலில் தொம்மென்று வைத்துவிட்டுக் கேட்டாள் அமலோற்பவம். சிலம்பம் படிக்க வந்து மாதங்கள் ஓடிவிட்டன. இன்னும் கம்பைத் தொட்டுப் பார்க்கவில்லை.

ஆசான் ஞானசெல்விக்கு அவள் மகள் வயதுதான் இருக்கும். "நிக்கப் படிங்கக்கா, தாரேன்" என்றாள்.

நிற்பதற்கு ஒரு படிப்பா! அமலோற்பவத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மீன் சந்தையில் நாள் முழுக்க நின்றுதானே பிழைக்கிறாள்?

அந்தச் சந்தையில்தான் வினையே. பக்கத்தில் நண்டு விற்கும் சூசைமாணிக்கம் தினமும் தன் தட்டை இவள் பக்கம் கொஞ்சம் தள்ளுவான். இவளும் கொஞ்சம் நகர்வாள். நகர்ந்து நகர்ந்து இப்போது சாக்கடை விளிம்புக்கு வந்தாயிற்று. இன்னும் ஒரு சாண் தள்ளினால் கடையே கிடையாது. அவன் மண்டையில் ஒன்று போடத்தான் இங்கே வந்தாள்.

"இடங்கொடுத்தா மடத்தைப் பிடுங்குத பய ஆசானே அவன்."

"இடத்தைக் கொடுத்தது யாரு?"

"என்ன செய்ய? மூத்த மனுசன். முகத்துக்கு நேரா எப்படிச் சொல்ல?"

பயல் அதற்குள் மூத்த மனுசன் ஆகிவிட்டான்.

ஆசான் பெருமூச்சு விட்டாள். "வட்டம் போடுங்க."

அங்கே அதுதான் வழக்கம். குதிகாலால் மணலில் ஒரு வட்டம் கீறி, மண்ணைத் தொட்டுக் கும்பிட்டு, அதற்குள் நிற்க வேண்டும். மற்றவர்கள் நின்றார்கள், கம்பு சுற்றினார்கள். அமலோற்பவத்தின் வட்டத்துக்குள் மட்டும் ஆசான் வந்து ஏறிக்கொள்வாள்.

ஆசான் வந்தால் வழி விடுவதுதானே மரியாதை? இவள் வெளியே வந்து இன்னொரு வட்டம் கீறுவாள். ஆசான் அதிலும் வந்து நிற்பாள். வெயில் ஏறும்வரை இதே கூத்து. கடைசி வட்டத்தில் அலை வந்து காலை நனைக்கும்.

"போயிட்டு நாளைக்கு வாங்கக்கா" என்பாள் ஆசான்.

அன்றைக்கும் அதே கதை. ஒரு வட்டம் போயிற்று. இன்னொன்றும் போயிற்று. கடல் பக்கத்தில் வந்துவிட்டது.

"ஏன் ஆசானே என்னைப் போட்டு இப்படிப் படுத்துதீங்க?"

"நீங்க ஏன் நகருதீங்க?"

"நீங்க வாரீங்க, நகருதேன்!"

"நகரச் சொன்னேனா?"

அமலோற்பவம் இருந்த எரிச்சலையெல்லாம் குதிகாலில் காட்டி இன்னொரு வட்டம் கீறினாள். பள்ளமே விழுந்துவிட்டது.

ஆசான் அதற்குள்ளும் வந்தாள். தோளோடு தோள் இடித்தது. இவள் கால், பழக்கதோஷத்தில், பின்னால் போக எழும்பியது. பின்னால் அலை இரைந்தது.

தூக்கிய காலை அங்கேயே ஊன்றினாள்.

"இது என் வட்டம். வெளிய போங்க!"

வலை உதறிக்கொண்டிருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். சொன்ன பிறகுதான் அமலோற்பவத்துக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆசானை அல்லவா விரட்டியிருக்கிறாள்!

ஞானசெல்வி வெளியே போனாள். வட்டத்தின் ஓரத்தில் குனிந்து மண்ணைத் தொட்டுக் கும்பிட்டாள். எதிரே நிற்கும் ஆளுக்குச் செய்கிற வணக்கம் அது.

பிறகு முழங்காலைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தாள். "அப்பாடா! உங்க பின்னாலயே நடந்து நடந்து எனக்குக் கால் ஓஞ்சு போச்சுக்கா. இந்தாங்க."

கம்பை நீட்டினாள்.

அமலோற்பவம் கம்பைப் பார்த்தாள். காலடியில் கிடந்த வட்டத்தைப் பார்த்தாள். பிறகு போய்க் கூடையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"கம்பு வேண்டாமாக்கா?"

"அது இங்கயே இருக்கட்டும் ஆசானே. சந்தைக்குப் போயிட்டு வந்து வாங்கிக்கிடுதேன்."