எள்ளுப் பொட்டு

வெட்டாற்றின் தென்கரையில் இருந்த அந்த மடத்தில் குருவுக்கு வயது நாற்பத்து மூன்று. சீடருக்கு அறுபத்தொன்று.

குருவை எல்லோரும் அம்மை என்றார்கள். வேளாண்மைக் கல்லூரியில் படித்து, சில வருடம் நெல் ஆராய்ச்சியில் இருந்துவிட்டு வந்தவர். அதைப் பற்றி அதிகம் பேசமாட்டார். சீடர் பக்கிரிசாமி, முப்பத்தாறு வருடம் ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி இறந்த மறு மாதம் மடத்துக்கு வந்தார். அம்மை அவரிடம் வாசல் சாவியைக் கொடுத்தார்.

வாசல் வேலையில் அவர்மேல் குறை சொல்ல ஆளில்லை. பயப்பட நிறையப் பேர் இருந்தார்கள்.

ஐப்பசியில் ஒரு நாள் காலை அவர் அம்மையிடம் கேட்டார்.

"கெட்டதை எப்படி அடையாளம் கண்டுபிடிக்கிறது?"

"முப்பத்தாறு வருஷம் அதைத்தானே செஞ்சீங்க?"

"அங்க டிக்கெட் இருந்தது. இங்க யார் கையிலயும் ஒண்ணும் இல்லை. எல்லாரும் ஒரே மாதிரி கும்பிடறாங்க."

அம்மை எழுந்தார். மடத்துக்குப் பின்னால் இருந்த நிலத்துக்கு அவரை அழைத்துப் போனார்.

நாலு குழி நிலம். அதில் நானூறு நெற்பயிர், ஒற்றை ஒற்றையாக, இடைவெளி விட்டு நட்டது. மூன்று வருடமாக அந்த ஊரின் சம்பாவைக் குலைநோய் தின்றுகொண்டிருந்தது. அதில் தப்பி நின்ற கதிர்களை அம்மை முப்பத்து நான்கு வீடுகளில் கேட்டு வாங்கி, நாற்றுவிட்டு இங்கே நட்டிருந்தார். அடுத்த வருடம் அந்த முப்பத்து நான்கு வீட்டுக்கும் விதை இதிலிருந்துதான் போகவேண்டும்.

கிழக்கு வரப்பு ஓரமாக நோய் விழுந்த பழைய வைக்கோல் பரப்பியிருந்தது.

"இது எதுக்கு?" என்றார் பக்கிரிசாமி.

"நோய் வரட்டும்னு போட்டிருக்கு."

"நாமளே கூப்பிடறோமா?"

"வந்தாத்தானே எந்தப் பயிர் எப்படின்னு தெரியும்."

அம்மை ஒரு சிவப்பு நூற்கண்டை அவர் கையில் கொடுத்தார்.

"அக்காவுக்கு உடம்பு சரியில்லை. திருச்சிக்குப் போய்ட்டு வர பத்து நாள் ஆகும். தினமும் வந்து பாருங்க. விதைக்கு ஆகும்னு தோணுறதுல இந்த நூலைக் கட்டுங்க. வேற ஒண்ணும் செய்யவேண்டாம்."

வேறு ஒன்றும் செய்யாமல் இருப்பது பக்கிரிசாமிக்குப் பழக்கமில்லை.

மறுநாள் கிழக்குப் பக்கத்துப் பயிர்களின் இலையில் பழுப்பாகக் கறை தெரிந்தது. சிலவற்றில் கண் வடிவத்தில், நடுவே சாம்பல் நிறமாக. சிலவற்றில் எள் அளவுக்குச் சின்னப் பொட்டுகளாக. மேற்குப் பக்கம் பச்சைப் பசேல் என்று இருந்தது.

அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். கறை தெரிந்த பயிரையெல்லாம் வேரோடு பிடுங்கி வரப்பில் போட்டார். மதியத்துக்குள் இருநூற்றுப் பன்னிரண்டு. கறையில்லாத நூற்று எண்பத்தெட்டுக்கும் நூல் கட்ட ஆரம்பித்தார்.

களையெடுக்க வந்த குஞ்சம்மாள் வரப்பில் நின்று பார்த்தாள். ஐம்பது வயதிருக்கும். மடத்து நிலத்தில் இருபது வருடமாக வேலை செய்கிறவள்.

"என்னங்கய்யா இது, வண்டியில பாதிப் பேரை இறக்கிவிட்டுட்டீங்க?"

"கறை இருக்கு. பார்த்தா தெரியலை?"

"தெரியுது. இந்தா, கண்ணு மாதிரி விழுந்திருக்கு பாருங்க, அது போவட்டும். இது எள்ளுப் பொட்டுங்கய்யா. இது நல்லது."

"கறையில நல்ல கறை வேற இருக்கா?"

"எங்கப்பா சொல்லுவாரு. எள்ளுப் பொட்டு விழுந்த பயிரு கதிரு கொடுக்கும்னு."

"உங்கப்பாவைக் கேட்டா நிலத்தைக் கொடுத்திருக்காங்க? கறை கறைதான்."

குஞ்சம்மாள் வரப்பில் உட்கார்ந்தாள். குவியலில் இருந்து எள்ளுப் பொட்டு விழுந்த பயிர்களை மட்டும் பொறுக்கி, வேர்ச் சேறோடு சாக்கில் சுற்றினாள். தலையில் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தபோது பக்கிரிசாமி அங்கே நின்றார்.

"சாக்குல என்ன?"

"நீங்க தூக்கிப் போட்டதுதாங்கய்யா."

"கேட்டியா?"

"குப்பையைக் கேட்டுட்டா எடுப்பாங்க?"

"மடத்துப் பொருளைக் கேக்காம எடுத்தா அதுக்குப் பேர் திருட்டு. நாளையிலேருந்து இந்த வாசலை மிதிக்காதே."

தெருவில் நாலு பேர் நின்றிருந்தார்கள். குஞ்சம்மாள் அவர்களைப் பார்த்தாள். பிறகு சாக்கோடு நடந்தாள். அதைப் பிடுங்கிக்கொள்ள அவருக்குத் தோன்றவில்லை. நோய்ப் பயிர் போய்த் தொலையட்டும் என்று விட்டுவிட்டார்.

ஐந்தாம் நாள் கீழைக்காற்று பலமாக அடித்தது. காலையில் பனி இலை முழுக்க நின்றது. ஏழாம் நாள், நூல் கட்டிய பயிர் ஒன்றில் கண் வடிவத்தில் ஒரு கறை. பிடுங்கினார். எட்டாம் நாள் முப்பதில், கண்ணும் பொட்டுமாக; அவற்றையும் பிடுங்கினார். ஒன்பதாம் நாள் எண்ணுவதை விட்டுவிட்டார்.

பத்தாம் நாள் அம்மை வந்தபோது நூல் கட்டியவற்றில் மிஞ்சி நின்றதில் ஒன்றுகூட நேராக இல்லை. எல்லாம் நெருப்பில் வாட்டியது மாதிரி சுருண்டிருந்தன. சிவப்பு நூல் மட்டும் பளிச்சென்று தெரிந்தது.

பக்கிரிசாமி நடந்ததைச் சொன்னார். எதையும் மறைக்கவில்லை. சாக்கையும் சொன்னார், வாசலில் சொன்ன வார்த்தையையும் சொன்னார்.

"பச்சையா இருந்ததே, அம்மை. ஒரு கறைகூட இல்லையே."

"நோயை அந்தப் பக்கம் கொண்டுபோகக் காத்து அப்ப அடிக்கலை. அவ்வளவுதான்."

அம்மை வரப்பில் கிடந்த குவியலைக் கிளறினார். காய்ந்த ஒரு இலையை எடுத்து, தோள்பையிலிருந்து பூதக்கண்ணாடியையும் எடுத்துக் கொடுத்தார்.

"பாருங்க."

"சின்னப் பொட்டு. எள்ளு மாதிரி."

"அந்த இடத்துல பூஞ்சை விழுந்து, முளைச்சு, தோலைத் துளைச்சு ஒரு செல்லுக்குள்ள போயிருக்கு. அந்த செல் என்ன செய்யும்?"

"வெளியே தள்ளும்."

"கை இல்லையே."

"ஆள் கூப்பிடும்."

"பக்கத்துக்குச் சேதி அனுப்பும். சுவரைக் கெட்டியாக்கிக்கோங்கன்னு. ஆனா யாரும் எழுந்து வரமுடியாது."

"வந்தது கெட்டதுன்னு அதுக்கு எப்படித் தெரியும்?"

"முகம் தெரியாது. பூஞ்சை மேல ஒரு ஓடு உண்டு. அந்த ஓட்டோட துணுக்கு பட்டா தெரியும். எந்தப் பூஞ்சையும் அது இல்லாம வராது."

பக்கிரிசாமி முகம் கொஞ்சம் தெளிந்தது. "அப்ப அதுதான் அடையாளம்."

"வேர்ல சில நல்ல பூஞ்சை இருக்கு. மண்ணுலேருந்து சத்து எடுத்துப் பயிருக்குக் கொடுக்கும். அதுக்கும் அதே ஓடுதான்."

"அப்புறம் எப்படி?"

"அவசரப்படாது. வந்தது என்ன செய்யுதுன்னு பார்க்கும். சுவர்ல சாத்தின கதவைத் திறக்க யாராவது கை வெச்சாங்களான்னு பார்க்கும். வெச்சாத்தான் கடைசி வேலை."

"என்ன கடைசி வேலை?"

"உள்ளே விட்ட செல் தானே செத்துப்போகும். இந்தப் பூஞ்சைக்கு முதல்ல உயிருள்ள இடம் வேணும். செத்த இடத்துல அதுக்குச் சோறு இல்லை. அங்கேயே நின்னுடும்."

பக்கிரிசாமி இலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அப்ப இந்தக் கறை..."

"அது பூஞ்சை போட்டது இல்லை. பயிர் போட்டுக்கிட்டது. கண் மாதிரி இருக்கே, அதுதான் பூஞ்சை தின்ன இடம். உங்க பச்சைப் பயிருக்கு வந்ததை அடையாளம் தெரியலை. கடைசி வரைக்கும் பச்சையாவே நின்னு, உள்ள விட்டுடுச்சு."

நிலத்தில் காற்று இல்லை. மடத்துச் சமையலறையில் யாரோ பாத்திரம் தேய்க்கும் சத்தம் கேட்டது.

"முப்பத்து நாலு வீட்டுக்கு விதை இல்லாம பண்ணிட்டேன்," என்றார் பக்கிரிசாமி.

"குஞ்சம்மாள் சாக்குல எடுத்துட்டுப் போனாளே."

"நட்டிருப்பாளா?"

"தெரியாது."

அவர் வாசல் பக்கம் பார்த்தார். பிறகு, "மடத்து மேஸ்திரியை அனுப்பிக் கேக்கச் சொல்லட்டுமா?" என்றார்.

அம்மை அவர் கையில் இருந்த இலையைக் காட்டினார்.

"பூஞ்சை தொட்டது எந்த செல்லை?"

"இந்தப் பொட்டு இருக்கிற இடத்தை."

"காய்ஞ்சது எது?"

"அதே செல்தான். நானேதான் போகணும்," என்று பக்கிரிசாமி செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

குஞ்சம்மாள் வீட்டுப் படல் சாத்தியிருந்தது. உள்ளே அவள் ஆட்டுக்குத் தழை போட்டுக்கொண்டிருந்தாள். எதிர்வீட்டு வாசலில் மூன்று பெண்கள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்கள்.

"குஞ்சம்மா."

அவள் திரும்பிப் பார்த்தாள். எழுந்து வரவில்லை.

"டிக்கெட்டய்யாவா. என்ன இந்தப் பக்கம்? வண்டி மாறி ஏறிட்டீங்களா?"

எதிர்வீட்டில் சிரித்தார்கள்.

"தப்புப் பண்ணிட்டேன்."

"என்ன தப்பு? சத்தமாச் சொல்லுங்க. எதிர்வீட்டு அத்தைக்குக் காது கேக்காது."

பக்கிரிசாமி தெருவைப் பார்த்தார். வெங்காயம் உரித்த கைகள் நின்றிருந்தன. ரயிலில் எத்தனையோ பேரை இப்படி நிற்கவைத்தது அவர் நினைவுக்கு வந்திருக்கலாம்.

"உன்னைத் திருடின்னு சொன்னேன்," என்றார். பிறகு திருத்திக்கொண்டார். "உங்களைச் சொன்னேன். நாலு பேர் காதுல விழச் சொன்னேன். நீங்க திருடலை. எனக்குத்தான் பயிர் தெரியலை."

"ஒன்பது நாளா இந்தத் தெருவுல எம்பேரு அதுதான்," என்றாள் குஞ்சம்மாள்.

அவர் படலைத் தள்ளவில்லை. போகவும் இல்லை. ஆடு தழையைத் தின்று முடித்தது. அவள் எழுந்து வந்து படலைத் திறந்தாள்.

கொல்லையில் வாய்க்கால் ஓரமாக வரிசையாக நட்டிருந்தாள். பழைய இலைகளில் எள்ளுப் பொட்டு அப்படியே இருந்தது; ஒன்றுகூட பெரிதாகவில்லை. நடுவே புதுக் குருத்து எழும்பியிருந்தது.

"பார்த்துட்டே நின்னா?" என்றாள் குஞ்சம்மாள். "நூலு கொண்டாரலையா?"

நூற்கண்டு அவர் மடியில் இருந்தது. ஒவ்வொன்றாகக் கட்டினார். முடிச்சு இறுக்கமாக விழுந்த இடத்தில் அவள் குனிந்து தளர்த்திவிட்டாள்.

மடத்துக்குத் திரும்பியபோது உச்சிவெயில். அம்மை காய்ந்த பயிர்களைப் பிடுங்கிக் குவித்துக்கொண்டிருந்தார்.

"அறுபத்து மூணு இருக்கு," என்றார் பக்கிரிசாமி. "எல்லாம் பிழைச்சிருக்கு."

"குஞ்சம்மாள்?"

"நாளைக்கு வர்றேன்னாங்க."

அம்மை தலையாட்டினார். பக்கிரிசாமி இடுப்பிலிருந்து வாசல் சாவியை எடுத்து வரப்பில் வைத்தார்.

"இதை வேற யார்கிட்டயாவது கொடுத்துடுங்க. தெருவுல நின்னு எல்லாரும் பார்க்க என் தப்பைச் சொல்லிட்டு வந்திருக்கேன். இனிமே வாசல்ல நின்னு நான் யாரைக் கேக்கறது?"

அம்மை சாவியைப் பார்த்தார். கைச் சேற்றை வாய்க்காலில் கழுவிக்கொண்டு வந்தார்.

"நூல் மிச்சம் இருக்கா?"

"ஒரு சாண் இருக்கு."

அவர் எடுத்துக் கொடுத்தார். அம்மை வாங்கிக்கொண்டார்.

"எள்ளுப் பொட்டு விழுந்தாச்சு. கையை நீட்டுங்க," என்றார்.