கொளஞ்சி தள்ளின புஸ்புஸ் வண்டி

ஒரு ஊர்ல ஒரு சந்தேகப் பேர்வழி இருந்தான். எந்த ஊருன்னா, நம்ம புதுச்சேரிதான். பிரெஞ்சுக்காரன் ஆண்டுக்கிட்டிருந்த காலம். அவன் பேரு கொளஞ்சி. தன் நிழல் பின்னால வந்தாக்கூட திரும்பிப் பாத்து, எதுக்கு வர்றேன்னு கேக்கிற ஆளு. பால்காரி பாலை ஊத்தினா விரலை விட்டுப் பாப்பான். சொந்தக்காரங்க சிரிச்சா, எதுக்குச் சிரிக்கிறாங்கன்னு ரெண்டு நாள் யோசிப்பான். ம் சொல்லு ராசாத்தி, அப்பத்தான் மேல சொல்லுவேன்.

அவன் புஸ்புஸ் வண்டி தள்ளுறவன். நீ எங்க பாத்திருக்கப் போறே. சக்கரம் வெச்ச நாற்காலி மாதிரி இருக்கும், மேல ஒரு கூரை. உக்கார்றவங்க கையில ஒரு கட்டை இருக்கும், எங்க போவணுமோ அவங்களே திருப்பிக்குவாங்க. கொளஞ்சி பின்னால நின்னு தள்ளணும், அவ்ளோதான். புஸ்ஸு... புஸ்ஸு... ஏறினவங்க மூஞ்சி தெரியாது, முதுகுதான் தெரியும். சந்தேகப்படுறவனுக்கு இதைவிட ஆகாத தொழில் உண்டா?

அவனுக்கு ஒரே மக, அம்சவேணி. தாயில்லாப் பொண்ணு. அவளைக் கேட்டு வந்த மொத மாப்பிள்ளை ரொம்பச் சிரிச்சான்னு இவன் வேணாம்னுட்டான். ரெண்டாவது மாப்பிள்ளை சிரிக்கவே இல்லைன்னு வேணாம்னுட்டான். அப்புறம் வில்லியனூர் தேருக்குப் போன எடத்துல, அம்மா கூட வந்திருந்த காரைக்கால் பையன் ஒருத்தனை அம்சவேணிக்குப் புடிச்சுப்போச்சு. பேரு மாசிலாமணி. வெள்ளிக்கிழமை பொண்ணு கேட்டு வர்றதா சொல்லி அனுப்பியிருந்தாங்க. அம்சவேணி அப்பனைக் கூப்பிட்டு நிறுத்தி, "இதையும் நீ கலைச்சேன்னா, அப்புறம் என் கல்யாணத்தைப் பத்தி இந்த வீட்டுல யாரும் பேசக்கூடாது"ன்னுட்டா. பாவம், அது கண்ணு கலங்கிப்போயி சொல்லுச்சு. கொளஞ்சியும் சரி சரின்னு தலையாட்டினான்.

அது நடந்தது செவ்வாய்க்கிழமை. மறுநாள் காலையில ரயிலடியில ஒரு அம்மா வந்து இறங்குனா. கையில ஒரு துணிப்பை. அங்க அத்தனை வண்டி நிக்குது, அதையெல்லாம் விட்டுட்டு, யார்கிட்டயோ என்னமோ கேட்டுட்டு நேரா கொளஞ்சி வண்டியில ஏறி உக்காந்து, ஊரு சுத்திப் பாக்கணும், கோயில் குளமெல்லாம் பாக்கணும்னு சொன்னா. கொளஞ்சிக்கு அப்பவே சுருக்குன்னுச்சு. இத்தனை வண்டி இருக்கறப்போ என் வண்டி எதுக்கு?

புஸ்ஸு... புஸ்ஸு... மொதல்ல வண்டி சம்பா கோயிலுக்குப் போச்சு. மாதா கோயில், எவ்ளோ பெரிய கோபுரம், கழுத்து வலிக்க அண்ணாந்து பாக்கணும். அந்தம்மா பாக்கலையே. மெழுகுவத்தி விக்கிறவ பக்கத்துல போயி குசுகுசுன்னு பேசினா. ரெண்டு பேரும் திரும்பி கொளஞ்சியைப் பாத்தாங்க. அப்புறம் மறுபடியும் குசுகுசு. மாதா கழுத்து நகைக்கு வந்தவளோன்னு இவனுக்குச் சந்தேகம் பத்திக்கிச்சு. ஓடிப்போயி, கோயில்ல செபம் சொல்லிக் குடுக்கிற உபதேசியார் காதைக் கடிச்சான். அந்தம்மா எங்க முட்டி போட்டாலும் உபதேசியார் பின்னாலயே வந்து நின்னார். பாவம், அவளால ஒரு செபம்கூட முழுசா சொல்ல முடியல. ம் சொல்றியா, தூங்கிட்டியா?

அப்புறம் வண்டி மணக்குளத்துப் பிள்ளையார் கோயிலுக்குத் திரும்புச்சு. செருப்பையும் பையையும் வண்டியிலயே விட்டுட்டு அந்தம்மா உள்ள போனா. யாராச்சும் பையை விட்டுட்டுப் போவாங்களான்னு கொளஞ்சிக்கு நிலை கொள்ளல. மெதுவாத் தொட்டுப் பாத்தான். ஆட்டிப் பாத்தான். கலகல கலகலன்னுச்சு. முடிச்சை அவுத்துப் பாத்தா உள்ள பட்டுப்புடவை, கண்ணாடி வளையல், மஞ்சள், குங்குமம். ஏதோ கல்யாண வீட்டுல அடிச்சுக்கிட்டு வந்திருக்கான்னே முடிவு கட்டிட்டான். நீ சிரிக்கிறியே, உனக்குப் புரிஞ்சுபோச்சு பாரு. அந்த மடையனுக்குப் புரியல.

உள்ளேருந்து வந்தவ, கோயில் வாசல் பூக்காரிகிட்ட முழம் பூ வாங்குற சாக்குல மறுபடியும் குசுகுசு. கொளஞ்சி பின்னால நின்னுக்கிட்டு, பேசாதே பேசாதேன்னு பூக்காரிக்குக் கண்ணைக் காட்டினான். அவ பயந்துபோயி வாயை மூடிக்கிட்டா.

அப்போ வண்டி கடற்கரைப் பக்கம் திரும்புச்சு. அங்க வெளக்குக் கோபுரம், அந்தாண்ட அலை, தடால் தடால்னு. ஒரு போலீஸ்காரர் சிவப்புத் தொப்பியைப் போட்டுக்கிட்டு நின்னுக்கிட்டிருந்தார். கொளஞ்சி வண்டியை நடுரோட்டுல நிறுத்திட்டு அவர்கிட்ட போயி, திருட்டுச் சாமானோட ஒரு பொம்பளை என் வண்டியில இருக்கான்னுட்டான். போலீஸ்காரர் வந்து பையை வாங்கி, நாலு பேரு பாக்க புடவையை வெளிய எடுத்தார். கூட்டம் கூடிப்போச்சு. யாருதும்மா இதெல்லாம்னு கேட்டார்.

அந்தம்மா பதறல. "என் மகனுக்குப் பாத்திருக்கிற பொண்ணுக்குக் கொண்டாந்தேன். காதோட காதா விசாரிச்சுட்டு, நல்லபடியா இருந்தா கையோட குடுத்துட்டுப் போலாம்னு வந்தேன்"னா.

எந்த வீட்டுப் பொண்ணுன்னு போலீஸ்காரர் கேட்டார்.

"புஸ்புஸ் வண்டி தள்ளுற கொளஞ்சி மக, அம்சவேணி."

எல்லாரும் திரும்பி கொளஞ்சியைப் பாத்தாங்க. கூட்டம் சிரிச்சுது. போலீஸ்காரரும் தொப்பியைச் சரி பண்ணிக்கிட்டு, வாயைப் பொத்திக்கிட்டு அந்தப் பக்கம் போயிட்டார். அந்தம்மா புடவையை மடிச்சு, வளையலை ஒண்ணு ஒண்ணா எடுத்து வெச்சு, முடிச்சுப் போட்டா. அப்புறம் மெதுவாச் சொன்னா, "காலையிலேருந்து உனக்கு முதுகைக் காட்டிக்கிட்டு உக்காந்திருக்கேன் நான். பின்னால நிக்கிறவன் எப்படிப்பட்டவனோன்னு எனக்குப் பயம் இருக்காதா? வண்டியில இருக்கறப்போ நான் ஒரு தடவையாச்சும் திரும்பிப் பாத்தேனா?"

கொளஞ்சிக்கு வெக்கம் ஒரு பக்கம், பொண்ணு வாழ்க்கையை நடுரோட்டுல போட்டு உடைச்சுட்டோமேன்னு பயம் ஒரு பக்கம். அந்தம்மா நேரா ரயிலடிக்குத்தான் போவான்னு நெனச்சான். அவ ஏறி உக்காந்து கட்டையைப் புடிச்சா. இவன் தள்ளினான். புஸ்ஸு... புஸ்ஸு... வண்டி ரயிலடிப் பக்கம் போகல. ஒரு தெரு திரும்புச்சு, இன்னொரு தெரு திரும்புச்சு, கொளஞ்சி வீட்டு வாசல்ல வந்து நின்னுச்சு.

அம்சவேணி வெளிய ஓடி வந்தா. பாத்தவுடனே, "அத்தை, வாங்க"ன்னா. அப்புறம் அப்பன் மூஞ்சியைப் பாத்தா. அது வெளுத்துக் கெடக்கிறதைப் பாத்ததும் அவ மூஞ்சியும் செத்துப்போச்சு. அத்தைகிட்ட திரும்பி, "எங்கப்பா உங்களை ஏதாச்சும் சொல்லிட்டாரா?"ன்னு கேட்டா.

 இப்போ சொல்லப்போறா, உபதேசியாரைச் சொல்லுவா, பையைச் சொல்லுவா, போலீஸ்காரரைச் சொல்லுவான்னு கொளஞ்சி வண்டியைக் கெட்டியாப் புடிச்சுக்கிட்டான்.

அந்தம்மா இறங்கி, பையை அம்சவேணி கையில குடுத்தா. "எங்கண்ணன் எதுக்கும்மா என்னைச் சொல்லப்போறார்? மாதா கோயில், பிள்ளையார் கோயில், கடற்கரை, ஒண்ணு விடாம சுத்திக் காட்டினார். என்னைக் கண்ணு எடுக்காம பாத்துக்கிட்டார்"னா.

கொளஞ்சி தோள்துண்டை எடுத்து மூஞ்சியை மூடிக்கிட்டு அழுதான். அழுது முடிச்சுட்டு, "உள்ள வா தங்கச்சி"ன்னான்.

அவ்ளோதான், வண்டியும் நின்னுச்சு, கதையும் நின்னுச்சு. என்ன, நெசமாவே அப்படிச் சொன்னாளான்னு கேக்கிறியா? நீயும் கொளஞ்சி வம்சமா? போர்வையை இழுத்துக்கிட்டு தூங்கு.