மேலண்ணத்து வெள்ளை மணிகள்

டாக்டர் ஆவுடையப்பனுக்கு அன்று காலையில் வந்தது லேசுப்பட்ட கோபம் அல்ல. இருபது வருஷம் சொந்தமாகக் கிளினிக் நடத்திவிட்டு, ஐம்பத்தொரு வயதில் கல்லூரி ஆஸ்பத்திரிக்கு மேற்படிப்பு படிக்க வந்த பல் டாக்டர் அவர். பாடம் சொல்லும் சகாயமேரிக்கு வயது முப்பத்தெட்டு. அதுவே அவருக்குத் தொண்டையில் முள்.

எதிரே பேச்சித்தாய் உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒன்பது நாள் குழந்தை. அதன் மேலண்ணம் தோலுரிந்து செக்கச்செவேல் என்றிருந்தது. நேற்றிலிருந்து பால் குடிக்கவில்லை.

"எதைப் போட்டுத் தேய்ச்சே?"

"துண்டுல கல்லுப்பு வச்சு..."

"அறிவிருக்கா உனக்கு? பிறந்த மூணாம் நாளே பார்த்துட்டு ஒண்ணுமில்லைன்னு சொன்னேனா இல்லையா?"

"சொன்னிய." அவள் குரலும் ஏறியது. "வெள்ளை வெள்ளையா மணி மாதிரி இருந்துச்சு. ஒண்ணுமில்லைன்னா அது என்னது? பல்லோட பிறந்தா தாய்மாமனுக்கு ஆகாதுங்காவ. எந் தம்பி கடலுக்குப் போறவன்."

"கண்ட கண்ட மூடத்தனம்!"

அவர் போட்ட சத்தத்தில் வராந்தாவே திரும்பிப் பார்த்தது. குழந்தை வீறிட்டது. பேச்சித்தாய் அதை அள்ளிக்கொண்டு எழுந்தாள்.

"இனிமே இவரு எம்பிள்ள வாயத் தொடப்பிடாது."

குழந்தைகள் வார்டில் டிரிப் ஏற்றினார்கள். பாலைப் பீய்ச்சிப் பாலாடையில் ஊட்டினார்கள். சாயங்கால பஸ்ஸிலேயே வீட்டுக்குப் போய்விடுவேன் என்று அவள் ஒற்றைக்காலில் நின்றாள். அண்ணத்தில் இன்னும் இரண்டு மணிகள் மிச்சம் இருந்தன. வீட்டுக்குப் போனால் அவற்றையும் தேய்த்து எடுக்காமல் விடமாட்டாள்.

ஆவுடையப்பன் சகாயமேரியிடம் போய் நின்றார்.

"நான் சொன்னதுல என்ன தப்பு, மேடம்? தாய் வயித்துக்குள்ள அண்ணத்தோட ரெண்டு பாதியும் ஒண்ணு சேரும்போது நடுவுல மாட்டிக்கிட்ட துளி தோல் அது. பல்லுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. சில வாரத்துல தானா உதிர்ந்துடும். ஒண்ணுமில்லைன்னு சொல்லாம வேற என்ன சொல்றது?"

"நாற்காலியில உட்காருங்க. ஆ காட்டுங்க."

விளக்கை இழுத்து, கண்ணாடியை வாய்க்குள் விட்டு, முன்பற்களுக்குப் பின்னால் பார்த்தாள். "ம்" என்றாள். இன்னொரு முறை பார்த்தாள்.

"என்ன மேடம்?"

"ஒண்ணுமில்லை."

கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டு வகுப்பெடுக்கப் போய்விட்டாள். திமிர் என்று முணுமுணுத்துக்கொண்டே ஆவுடையப்பன் இறங்கினார்.

பதினோரு மணிக்கு அவருடைய நாக்கு அந்த இடத்துக்குப் போனது. முன்பல் இரண்டுக்கும் பின்னால் ஒரு சின்ன மேடு. நேற்று இருந்ததா?

எல்லோருக்கும் அங்கே மேடு உண்டு. ஆயிரம் வாய்களில் பார்த்தவர்தான். தன் வாய் என்றதும் படித்ததெல்லாம் பறந்துவிட்டது. பெரியவர்களுக்கு நீர்க்கட்டி வருவதும் அதே இடத்தில்தானே? மூக்குக்கும் அண்ணத்துக்கும் நடுவே கருவில் உருவாகி மிச்சமிருக்கும் குழாயில் முளைத்து, வலியே இல்லாமல் எலும்பைத் தின்றுகொண்டிருக்கும்; கசிந்தால் வாயில் உப்புக் கரிக்கும். அதுவும் அவர் வயது ஆண்களுக்கு. கட்டைவிரலால் அழுத்தினார். உப்புக் கரித்தது. அல்லது கரிப்பதுபோல் தோன்றியது. கழிப்பறைக் கண்ணாடி முன்னால் வாயைப் பிளந்துகொண்டு நின்றார். சாப்பாட்டுக்குப் போகவில்லை.

இரண்டு மணிக்குக் கதவைத் தட்டாமல் சகாயமேரியின் அறைக்குள் நுழைந்தார்.

"என் வாய்க்குள்ள என்னத்தப் பார்த்தீங்க? ஒண்ணுமில்லைன்னு சொல்லிட்டு நீங்க பாட்டுக்குப் போயிட்டா என்ன அர்த்தம்? இங்க மனுஷன் செத்துக்கிட்டிருக்கேன்!"

அவள் பஞ்சை எடுத்து நீட்டினாள்.

"துடைங்க. ரத்தம் வருது."

துடைத்தார். பஞ்சு சிவந்தது.

"எதால குத்திப் பார்த்தீங்க? நகமா, ஊசியா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "ஊசி" என்றார். பிறகு, "கட்டியா மேடம்?"

சகாயமேரி ஒரு தாளை எடுத்து அண்ணம் வரைந்தாள். குழாய் இருக்கும் இடத்தைக் காட்டினாள். அதன்மேல் எல்லோருக்கும் உள்ள மேட்டைக் காட்டினாள். கட்டி என்றால் எக்ஸ்ரேயில் பல் வேர்களுக்கு நடுவே வட்டமாகத் தெரியும் என்றாள். போன மாதம் பல்வலி என்று அவருக்கு எடுத்த படத்தை விளக்குக்கு நேரே பிடித்து, அங்கே வட்டம் எதுவும் இல்லை என்று விரல் வைத்துக் காட்டினாள். அவர் மூன்று கேள்வி கேட்டார். மூன்றுக்கும் பதில் சொன்னாள்.

அவருக்கு மூச்சு சீரானது. கோபம் மட்டும் போகவில்லை.

"இதைக் காலையிலேயே சொல்லியிருக்கலாமே, மேடம்! எவ்வளவு நேரமாகியிருக்கும்? நாலு நிமிஷம்!"

சகாயமேரி தாளைப் புரட்டி, எழுதாத பக்கத்தை அவர் முன்னால் தள்ளினாள். பென்சிலை அதன்மேல் வைத்தாள்.

"பேச்சித்தாய்க்கு நாலு மணிக்கு பஸ்."